வெள்ளச்சியின் வால்

போன வருடம் மாசி மாதம் ஒரு காலையில் லாயத்துக்குப் போனபோது என் குதிரை வெள்ளச்சிக்குப் பாதி வால்தான் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் நான் சீவிவிடும்போது தரையைத் தொட நாலு விரல் பாக்கி என்கிற அளவுக்குத் தொங்கிய வால். விடிந்து பார்த்தால் பின்னங்கால் முட்டிக்கு மேலேயே, அரிவாளால் ஒரே வீச்சில் அறுத்த மாதிரி நின்றிருந்தது. ராத்திரி யாரோ உள்ளே வந்து அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். பக்கத்தில் நின்ற செவலைக் குட்டி எப்போதும் போல என் சட்டைப் பையை முகர வந்தது. அதன் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். முன்பல் இடுக்கில் நீளமாக இரண்டு வெள்ளை முடி. மறுநாள் அதன் சாணத்தை உடைத்துப் பார்த்தபோது உள்ளே வெள்ளை நூல் நூலாகக் கிடந்தது.

எங்கள் தோட்டம் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. மாட்டுக்குப் பேர் போன ஊர். மூன்று தலைமுறையாக நாங்களும் மாடு வளர்க்கிறவர்கள்தான், குதிரை என்னோடு வந்த ஆசை. மொத்தம் மூன்று. வெள்ளச்சி எட்டு வயதுப் பெட்டை, நொக்ரா என்கிற வெள்ளைக் குதிரை. கருப்பன் வயதான மட்டக்குதிரை. செவலையை அதற்கு முந்தின ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கினேன், அப்போது அதற்கு ஆறு மாதம் இருக்கும். சந்தையில் எல்லோரும் சுழி பார்க்கிறார்கள், நானும் பார்த்தேன். நெற்றியில் எங்கே, கழுத்தில் எங்கே, ராஜ சுழியா, கெட்ட சுழியா என்று ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தவன், தாயை விட்டு எப்போது பிரித்தீர்கள், இதுவரை என்ன தின்றது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வால் போனால் அழகுதானே போகும், முடி வளர்ந்துவிடும் என்று பலரும் சொன்னார்கள். குதிரையோடு இருக்கிறவர்களுக்குத் தெரியும், அது அழகு மட்டும் இல்லை. குதிரையால் முன்பாதியைத் தலையை ஆட்டியும் தோலைச் சிலிர்த்தும் காப்பாற்றிக்கொள்ள முடியும், பின்பாதிக்கு வால் ஒன்றுதான். பங்குனி சித்திரையில் எங்கள் பக்கம் ஈ மொய்க்கிற மொய்ப்பில், அந்த மொட்டை வாலை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. வீசுவாள், எட்டாது, மறுபடி வீசுவாள், எட்டாது, கடைசியில் பின்னங்காலைத் தரையில் ஓங்கி உதைப்பாள். நாள் முழுக்க உதைத்து உதைத்து ஒரு லாடமே ஆடிப்போனது. வால்முடி மாதத்துக்குச் சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான் வளரும். முழங்கை நீளம் போனால் கிட்டத்தட்ட இரண்டு வருடம்.

வால் குறைந்த குதிரையைப் பார்த்தவுடனே இன்னொரு குதிரைதான் கடித்தது என்றும் முடிவு கட்டக் கூடாது, இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாலின் அடியில், எலும்பு இருக்கிற மேல்பாகத்தில், முடி உடைந்து துடைப்பம் மாதிரி நட்டுக்கொண்டு நின்றால் அது சுவரிலோ தூணிலோ தேய்த்ததால் வந்தது. ஊசிப்புழு இருக்கலாம், பூச்சிக்கடி அரிப்பாக இருக்கலாம், அதற்கு மருத்துவரிடம் போக வேண்டும். முடி வேரோடு கழன்று பிடரியும் வாலும் சேர்ந்து மெலிந்தால் தீனியைப் பாருங்கள். ஆட்டுக்கு ஒடித்துப் போடுகிற சவுண்டல் தழையில், அதுதான் சுபாபுல், மிமோசின் என்று ஒரு நஞ்சு உண்டு. குதிரைக்கு அதைத் தொடர்ந்து போட்டால் வாலும் பிடரியும் கொட்டிப்போகும். கடித்த வால் அப்படி இருக்காது. மேலே அடர்த்தியாக இருக்கும், கீழே நேர்கோடாக முடிந்துவிடும், அந்தக் கோடு பக்கத்துக் குதிரையின் வாய் உயரத்தில் இருக்கும். வெள்ளச்சியின் வாலில் செவலையின் உயரத்தை நான் அளந்தே பார்த்தேன்.

இனி நான் செய்த தப்புகள். முதல் தப்பு மிளகாய். வீட்டில் அரைத்த மிளகாய்த்தூளை எண்ணெயில் குழைத்து வால் முழுக்கப் பூசினேன். வால் என்பது சும்மா தொங்குகிற கயிறு இல்லையே, அவள் வீசத்தானே செய்வாள். கால் மணி நேரத்தில் அது அவள் தொடையில், மடியில், வாலுக்கடியில் இருக்கிற மெல்லிய தோலில் எல்லாம் ஒட்டி, அவள் தூணில் பின்புறத்தைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். செவலைக்குக் கண் இரண்டும் தண்ணீராகக் கொட்டியது. இரண்டு பேரையும் கழுவி முடிக்கும்போது மணி பன்னிரண்டு. மிளகாயின் காரச்சத்து அத்தனை சாதாரணம் இல்லை. 2008 ஒலிம்பிக்கில், ஹாங்காங்கில் நடந்த குதிரைப் போட்டிகளில், உடம்பில் அந்தக் காரச்சத்து இருந்ததற்காகவே சில குதிரைகளை விலக்கினார்கள். தோலின் உணர்ச்சியைக் கூட்டிவிடும் பொருள் என்பதால் அதற்குத் தடை. அதை நான் ஒரு சாதுவான பெட்டையின் வாலில் அள்ளிப் பூசியிருக்கிறேன் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை.

அப்புறம் வேப்பெண்ணெய். தேங்காயெண்ணெயில் கலந்து பூசினேன், கசப்புக்குச் செவலை மூன்று நாள் நிறுத்தினான். நாலாம் நாள் கருப்பனின் பிடரியில் பாதி காணோம். சரி, குட்டியைத் தனியாக வைத்துவிடலாம் என்று அடுத்த கொட்டிலில் விட்டேன். ஒரு வாரத்துக்குள் அங்கிருந்த சவுக்குக் கம்பு இரண்டை எலி கரும்பைக் கடித்த மாதிரி கடித்து, நடுவில் இடுப்பு ஒடுங்கிப்போக வைத்துவிட்டான். ராத்திரியெல்லாம் கனைப்பு வேறு. தனியாக இருக்கும் குதிரை தவிக்கும், அது கூட்டத்துப் பிராணி, அதிலும் அவன் குட்டி. வாயை ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் போகிறது என்றால் கோளாறு வாலிலும் இல்லை, கம்பிலும் இல்லை என்பது அப்போதுதான் லேசாக உறைத்தது.

அவனைத் திரும்பக் கொண்டுவந்து மற்ற இரண்டோடு விட்டேன். ஒரு ராத்திரி கயிற்றுக் கட்டிலை லாயத்து வாசலில் போட்டுப் படுத்துக்கொண்டேன். என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று.

ஆறு மணிக்குக் கொள்ளும் தவிடும் வைத்தேன். பத்து நிமிடத்தில் காலி. ஆறரைக்குப் பச்சைப்புல். எட்டரைக்குள் காடியைத் துடைத்து வைத்துவிட்டார்கள். அப்புறம் சத்தமில்லை. பத்து மணிக்குச் செவலை காடியின் விளிம்பை நக்கினான், தரையில் உதிர்ந்த கொழுந்து ஏதாவது கிடக்கிறதா என்று மூக்கால் கிளறினான், காலடியில் கிடந்த சாணத்தைக்கூட முகர்ந்து பார்த்தான். பன்னிரண்டரை இருக்கும், ஈரத் துணியைக் கிழிப்பது மாதிரி ஒரு சத்தம். டார்ச்சை நேராக அடிக்காமல் சுவரில் அடித்துப் பார்த்தேன். வெள்ளச்சி கல்தூணில் கட்டிய தாம்போடு நின்றிருந்தாள். செவலை அவள் வாலில் ஒரு கொத்தை வாயில் வாங்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கடைவாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான். விளையாட்டு இல்லை, கோபம் இல்லை. புல் தின்னும்போது அவன் முகம் எப்படி இருக்குமோ அப்படியே, கண் பாதி மூடி, காது இரண்டும் பக்கவாட்டில் தளர்ந்து. அவள் இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தினாள், தாம்பு அதற்குமேல் விடவில்லை. அவ்வளவுதான் அவளால் செய்ய முடிந்தது. கட்டிப்போட்டது நான்.

ஊரில் அந்தக் காலத்தில் ஜட்கா ஓட்டிய ஒரு பாய் இருக்கிறார், எண்பது வயது. அவரிடம் போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ராத்திரி என்ன போடறீங்க தம்பி?” என்றார். ஆறரைக்குப் புல் வைப்பதைச் சொன்னேன். “அதுக்கப்புறம்?” என்றார். அப்புறம் காலையில்தான் பாய், என்றேன். “மாட்டுக்கு வைக்கிற மாதிரியே குதிரைக்கு வச்சிருக்கீங்க. மாடு படுத்துக்கிட்டு அசை போடும். குதிரை என்னத்தைப் போடும்?”

மூன்று தலைமுறை மாட்டுக்காரனுக்கு இது தெரியாமல் போனது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. சாயங்காலம் வயிறு நிறையத் தீனி வைத்தால் மாடு அதை ராத்திரி முழுக்க மேலே கொண்டுவந்து மென்றுகொண்டே இருக்கும். அதன் வாய்க்கு வேலை உள்ளேயே இருக்கிறது. குதிரைக்கு அசைபோடும் வயிறு கிடையாது. பெரிய குதிரைக்கே இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான், அதில் தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிப்பது எச்சில். அந்த எச்சில் மென்றால்தான் ஊறும், நம்மைப் போல நினைத்தவுடனே ஊறாது. வெளியில் மேய விட்டால் ஒரு நாளில் 14, 16 மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே நடக்கும் உடம்பு அது. ஒரு கிலோ காய்ந்த புல்லுக்கு 3000 தடவைக்குக் குறையாமல் மெல்லும், அதே ஒரு கிலோ தானியத்துக்கு ஆயிரம் தடவை மென்றாலே அதிகம். என் கொட்டிலில் அந்த வாய் எட்டரை மணிக்கு வேலை முடிந்து, காலை ஆறு மணி வரை ஒன்பதரை மணி நேரம் சும்மா இருந்தது. சும்மா இருக்கும் வாய்க்கு எட்டினது வெள்ளச்சியின் வால்.

பாய் இன்னொன்றும் சொன்னார். ஜட்காவில் உட்காருகிற இடத்தில் புல்லைப் பரப்பி அதன்மேல் சாக்கு விரித்திருக்கும், ஏறினவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சவாரிக்கு மெத்தென்று இருக்க என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது குதிரையின் சாப்பாடு. சவாரி இல்லாமல் நிற்கும்போதெல்லாம் ஒரு கை புல்லை உருவி முன்னால் போட்டுக்கொண்டே இருப்பார்களாம்.

வீட்டுக்கு வந்து தராசை எடுத்தேன். வெள்ளச்சி சுமார் 350 கிலோ. குதிரைக்கு ஒரு நாளைக்கு அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நார்த்தீனி வேண்டும், அதுவும் ஈரத்தைக் கழித்த உலர் கணக்கில். அப்படியென்றால் 7 கிலோ. எந்த நிலையிலும் நூற்றுக்கு ஒன்றரைக்குக் கீழே போகக் கூடாது என்பார்கள், அதுவே 5 கிலோவுக்கு மேல். நான் போட்டது 15 கிலோ கம்பு நேப்பியர். பார்க்கப் பெரிய கட்டு. ஆனால் இளசாக அறுத்த அந்தப் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர், மிஞ்சுவது 3 கிலோ. பாதிகூட இல்லை. மீதியைக் கொள்ளும் தவிடும் போட்டு ஈடுகட்டிக்கொண்டிருந்தேன். சத்துக் கணக்கில் குறையில்லை, உடம்பும் மினுமினுப்பாகத்தான் இருந்தது, அதனாலேயே பட்டினி என்று எனக்குத் தோன்றவில்லை. வயிறு பட்டினி இல்லை, வாய் பட்டினி.

இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்டால், பகலில் மூன்றையும் கொறங்காட்டில் விட்டுவிடுகிறேன். தெரியாதவர்களுக்கு, கொறங்காடு என்பது எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. மாட்டுக்காக முன்னோர்கள் வைத்தது. கிளுவை வேலியில் எங்காவது அரளி முளைத்திருக்கிறதா, ஆமணக்கு நிற்கிறதா என்று முதலில் சுற்றி வந்து வேரோடு பிடுங்கிவிட்டேன். எதையும் கடித்துப் பார்க்கும் குட்டிக்கு அரளியின் சில இலை போதும் உயிர் போக. ராத்திரிக்குக் காய்ந்த புல்லும் நறுக்காத சோளத்தட்டும். சோளத்தை நன்றாகக் காய்ந்த தட்டாக மட்டும்தான் போடுகிறேன், இளஞ்சோளப் பயிரைக் குதிரைக்குக் கிட்டவே கொண்டுபோவதில்லை. இந்த மாற்றத்தை ஒரே நாளில் செய்துவிடாதீர்கள். பத்து நாள் எடுத்துக்கொண்டு பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டினேன், குதிரைக்குத் தீனி சட்டென்று மாறினால் வயிற்றுவலி வந்து ஆளையே கொண்டுபோய்விடும்.

காய்ந்த புல்லை அப்படியே கொட்டினால் மிதித்துப் பாதியை வீணாக்குகிறார்கள், நல்லதையெல்லாம் ஒரு மணி நேரத்தில் பொறுக்கித் தின்றுவிடுகிறார்கள். அதனால் கண் சின்னதாக இருக்கும் வலைப்பை பின்னச் சொல்லி வாங்கினேன், நாலைந்து சென்டிமீட்டர் கண். அதிலிருந்து ஒவ்வொரு வாயாக உருவித்தான் தின்ன முடியும், அதே புல் நாலு மணி நேரம் வருகிறது. வலையைத் தொங்கவிடுவதில் ஒரு கவனம் வேண்டும். நிறைந்திருக்கும்போது இருக்கும் உயரத்தைப் பார்த்துக் கட்டக் கூடாது, காலியானதும் அது நீண்டு தொங்கும், லாடம் அடித்த கால் அதில் மாட்டினால் கதை முடிந்தது. காலியான வலையும் நெஞ்சு உயரத்துக்குக் கீழே இறங்காதபடி கட்டுகிறேன். பிய்ந்த நைலான் நூலை வாரம் ஒரு தடவை பார்த்து எடுத்துவிட வேண்டும், அதையும் தின்பான் அவன்.

மூன்று குதிரைக்கு நாலு வலை. இது முக்கியம் என்று சொல்வேன். கருப்பன் வயதில் மூத்தவன், காதைப் பின்னால் மடித்தாலே செவலை விலகிவிடுவான். ஒரே காடியில் மூன்று பேருக்கும் வைத்தபோது கடைசியில் நிற்பவன் பாதி வயிறோடு பின்னால் நின்றான், பின்னால் நின்றால் முகத்துக்கு நேரே இருப்பது முன்னால் தின்பவளின் வால். வலைகளைத் தள்ளித் தள்ளி, ஒன்றில் நின்றால் அடுத்ததற்கு மூக்கு எட்டாத தூரத்தில் கட்டினேன். துரத்தினாலும் போக நாலாவது ஒன்று காலியாக இருக்கும். வெள்ளச்சியை ராத்திரி கட்டுவதை அன்றோடு விட்டேன். கல்தூண் நட்டு, கடித்த சவுக்குக் கம்புகளை மாற்றி, விளிம்பில் இரும்பு ஆங்கிள் வைத்து அடைத்த இடத்துக்குள் மூவரும் அவிழ்த்தபடி இருக்கிறார்கள். இப்போது அவன் வாலருகே வந்தால் அவள் நடந்து போய்விடுகிறாள்.

உப்பும் ஒரு காரணம். எங்கள் வெயிலில் வியர்க்கும் வியர்வைக்கு நான் உப்பே வைக்காமல் இருந்திருக்கிறேன். இப்போது கல்லுப்பு ஒரு தொட்டியில் எப்போதும் இருக்கும். மாட்டுக்கு விற்கும் தாதுக்கட்டியை யோசிக்காமல் தொங்கவிடாதீர்கள், மாட்டுத் தீவனத்திலும் கோழித் தீவனத்திலும் சிலவற்றில் மோனென்சின் என்கிற மருந்தைச் சேர்ப்பார்கள், குதிரைக்கு அது விஷம். தவிட்டையும் குறைத்துவிட்டேன். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், நேப்பியரிலும் கொழுக்கட்டைப் புல்லிலும் ஆக்சலேட் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் கால்சியம் உடம்பில் தங்காமல் முகத்தெலும்பு வீங்குவது வரை போகும் என்று மருத்துவர் எச்சரித்தார். அதற்காகக் கொஞ்சம் குதிரைமசால் போட்டிருக்கிறேன். பேரிலேயே குதிரை இருந்தும் இத்தனை நாள் அதை மாட்டுக்கு மட்டுமே அறுத்துக்கொண்டிருந்தோம்.

முதல் ஒரு மாதம் வேப்பெண்ணெய் கலவையையும் விடவில்லை. ராத்திரியில் வாலைத் தளரப் பின்னி பருத்தித் துணிப்பையில் விட்டேன், விடிந்ததும் ஈ ஓட்ட வால் வேண்டுமே என்று அவிழ்த்துவிடுவேன். பையை வால் எலும்பைச் சுற்றி இறுக்கிக் கட்டவே கூடாது, ரத்த ஓட்டம் நின்றுவிடும், எலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே முடியோடு முடியாகத்தான் கட்ட வேண்டும். கசப்பும் பையும் நாள் கடத்துவதற்கு உதவின, நிறுத்தியது தீனிதான்.

ஒரு நண்பரிடம் கட்டை பிடித்துக் காற்று வாங்கும் குதிரை ஒன்று இருக்கிறது. முன்பல்லால் விளிம்பைப் பிடித்து, கழுத்தை வளைத்துப் பின்னால் இழுத்து, ஏப்பம் மாதிரி ஒரு சத்தத்தோடு காற்றை உள்ளே வாங்கும், கிரிப்பிங் என்பார்கள். என் செவலை கம்பைக் கடித்தது வேறு, இது வேறு. ஒன்றைப் பார்த்து மற்றொன்று கற்றுக்கொண்டுவிடும் என்று அந்தக் குதிரையைத் தனியாக, எதுவும் கண்ணில் படாத மூலையில் அடைத்து வைத்திருந்தார். பார்த்துக் கற்றுக்கொள்கிறது என்பதற்கு ஆராய்ச்சிகளில் வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. ஒரே கொட்டிலில் பல குதிரைக்கு அந்தப் பழக்கம் வந்தால், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிக் குறை இருக்கிறது என்று பார்ப்பதுதான் சரி. பிரிட்டனில் 225 குட்டிகளை நாலு வருடம் பின்தொடர்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தாயை விட்டுப் பிரித்த பிறகு தானியத் தீவனம் கொடுத்த குட்டிகளுக்கு இந்தப் பழக்கம் வருவது நாலு மடங்கு அதிகமாக இருந்தது. அதைப் படித்தபோது சந்தையில் செவலையின் முன்னால் ஒரு சட்டி நிறைய ஊறின கொள்ளு இருந்தது ஞாபகம் வந்தது. நண்பர் இப்போது அந்தக் குதிரையை மூலையிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட்டார். பழக்கம் நிற்கவில்லை, வேரூன்றிவிட்டால் அது லேசில் நிற்காது. அதை நிறுத்தக் கழுத்தில் இறுக்கிக் கட்டுகிற வாரைப் போட வேண்டாம் என்று மட்டும் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன்.

எல்லாக் கடியும் கெட்டதில்லை என்பதையும் இப்போதுதான் கண் திறந்து பார்க்கிறேன். சாயங்காலம் கொறங்காட்டில் வெள்ளச்சியும் செவலையும் எதிரெதிரே நின்று, ஒருவர் தோள்மேட்டை மற்றவர் பல்லால் நெம்பிக்கொண்டிருப்பார்கள், பத்து நிமிடம் நகர மாட்டார்கள். பிரான்சில் கமார்க் குதிரைகளின் அந்த இடத்தில் கையால் சொறிந்துவிட்டுப் பார்த்ததில் இதயத் துடிப்பு குறைந்தது என்று 1993-இல் எழுதியிருக்கிறார்கள். முன்பெல்லாம் இதைப் பார்த்தாலும் “ஏய்!” என்று கத்திப் பிரித்துவிடுவேன். பிடரியில் நாலு முடி போனால் போகட்டும்.

மழை பிடித்துக்கொண்டு மூன்று பேரும் நாள் முழுக்க உள்ளேயே நிற்கும் நாட்களில் செவலை இன்னும் அவள் வால் பக்கம் போகிறான். ஐப்பசியில் இரண்டு தடவை நடந்தது, இரண்டு தடவையும் வலை காலியாக இருந்தது. அதனால் மழைக்காலத்தில் ராத்திரி பதினொன்றுக்கு ஒரு தடவை எழுந்து போகிறேன். குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு வலையை அவிழ்க்கும்போதே மூவரும் இருட்டில் தொண்டைக்குள் மெல்லக் கனைப்பார்கள். அப்படியே ஒரு கையால் அவள் வாலையும் தடவிப் பார்த்துவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை அளந்தேன், முட்டியைத் தாண்டி ஒரு சாண் இறங்கியிருக்கிறது.